சங்கு ஊதியதும் திருமலை நின்ற இடம்

திருமலை ஒரு பயந்தாங்கொள்ளி. அவன் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன், அதனால் எழுதுவதில் தப்பில்லை. சேரப்பணஞ்சேரியில் வாடகை வீடு. பிரேக் சாமான் செய்கிற கம்பெனியில் வருடக்கணக்காக லைனில் நிற்கிறான். படுத்த பிறகு எழுந்து போய் கேஸ் சிலிண்டரைத் திருகிப் பார்ப்பான். பச்சை விளக்கு விழுந்தாலும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்துவான், பின்னால் லாரிக்காரன் என்ன திட்டினாலும் சரி. பிறவிக் குணம் இல்லை இது. பக்கத்து மெஷின்காரனின் கை பிரஸ்ஸுக்குள் போனதைக் கண்ணால் பார்த்தவன். அன்றைக்கு வந்த பயம்.

அதற்கப்புறம் கம்பெனியில் ஃபயர் மார்ஷலுக்கு ஆள் கேட்டபோது தானே போய்ப் பேர் கொடுத்தான். சங்கு ஊதினால் லைனில் இருப்பவர்களை எல்லாம் கட்டடத்துக்கு வெளியே கூட்டி வந்து திறந்தவெளியில் ஓரிடத்தில் நிறுத்த வேண்டும். தலை எண்ண வேண்டும். ஒரு தலை குறைந்தாலும் மார்ஷல் அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது. அடிக்கடி ட்ரில் நடக்கும். அவனுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி பழகிப்போயிருந்தது.

இப்படிப்பட்டவன் பயமில்லாமல் இருந்த ஒரே இடம் எங்கள் மைதானம்தான். ஏரிக்கரையை ஒட்டிப் பேரூராட்சி போட்ட கோல்ஃப் மைதானம், ஒன்பது குழி. நான் அங்கே புல் வெட்டுகிறவன், ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கோல்ஃப் என்றால் கொரியாக்காரரும் ஜப்பான்காரரும் பெரிய காரில் போய் ஆடுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இங்கே மெம்பர் கார்டு கிடையாது. காலர் வைத்த சட்டை கேட்பாரில்லை. ஒரு பிரியாணிப் பொட்டலத்துக்கு ஆகிற காசைக் கொடுத்தால் மட்டையும் பந்தும் கொடுப்போம். செருப்புக் காலோடு ஆடலாம். ஓ.டி. முடித்து யூனிஃபார்மோடு நேரே வருகிறவர்கள்தான் பாதிப் பேர்.

"லைன்ல பெல்ட்டு நவுந்துகினே இருக்கும்ணா, நாம அது பின்னாடியே ஓடணும்," என்று திருமலை ஒருநாள் சொன்னான். "இங்க பந்து சும்மா கெடக்குது. நான் அடிச்சாதான் போவுது."

"நீ அடிச்சாலும் எங்கய்யா போவுது," என்றேன்.

போன வருடம் மைதானத்தில் மின்னலுக்காக ஒரு சங்கு வைத்தார்கள். வெட்டவெளி, ஏரியோரம், ஆளாளுக்குக் கையில் இரும்புக் கம்பு. மேகம் கூடினால் நான் சங்கை ஊத வேண்டும், எல்லோரும் ஓடி வந்து டிக்கெட் கொடுக்கிற கான்கிரீட் கட்டடத்துக்குள் நுழைய வேண்டும். போர்டு எழுதி மாட்டினோம். எவன் போர்டைப் படிக்கிறான்? சங்கு ஏதோ மூடிப்போன கம்பெனியில் வாங்கியது. சத்தமும் கம்பெனிச் சத்தமேதான்.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு, திருமலை பெண்டாட்டி சசிகலாவையும் அவன் லைனில் வேலை பார்க்கிற செந்தமிழன் என்கிற பையனையும் கூட்டி வந்திருந்தான். சாயங்காலம் வாலாஜாபாத் பக்கமிருந்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் சங்கை ஊதினேன்.

கிட்டே இருந்தவர்கள் என் கையசைப்பைப் பார்த்து ஓடி வந்துவிட்டார்கள். தூரத்தில் ஏழாம் குழியில் திருமலை, குழியைக் காட்ட நட்ட கொடிக்கம்பத்துப் பக்கத்தில் நின்று வலது கையைத் தூக்கினான். சுற்றி ஆடிக்கொண்டிருந்தவர்கள் மட்டையும் கையுமாக அவனிடம் போய் வரிசையாக நின்றார்கள். எல்லோரும் கம்பெனி ஆட்கள். சங்கு ஊதினால் வெளியே நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் காலுக்குத் தெரியும்.

கத்தினேன். காற்றில் கேட்கவில்லை. எனக்கு அங்கே போக மனசே இல்லை. ஒரு கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினேன், என்னமோ சாக்கு மின்னலைத் தடுக்கிற மாதிரி.

"யோவ் திருமலை, இன்னாயா பண்ற? உள்ள இட்டுனு வாய்யா எல்லாரையும்."

"ஒரு ஆளு கொறையுதுணா. செந்தமிழனக் காணோம்."

"இது நெருப்பு இல்லய்யா. மின்னலு. மேல பாரு."

அண்ணாந்து பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் கால் நகரவில்லை. "அவன உட்டுட்டு எப்பிடிணா வர்றது?"

"ஏங்க, வாங்க," என்று சசிகலா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

சட்டென்று காற்று நின்றது. சசிகலாவின் காதோரத்து முடி ஒவ்வொன்றாக மேலே எழும்பியது. கொடிக்கம்பத்திலிருந்து வண்டு முனகுகிற மாதிரி ஒரு சத்தம், அதில் கரண்டு ஏறிவிட்ட மாதிரி. அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டு, "இன்னாது இது, கூசுது," என்று சிரித்தாள்.

திருமலை மட்டையைக் கீழே போட்டான். "ஓடுங்க," என்றான், மெதுவாக. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவனே முதலில் ஓடினான்.

கட்டடத்தை எட்டுவதற்குள் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. சத்தம் நெஞ்சுக்குள் இடித்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் நான் குப்புறக் கிடக்கிறேன், கரிந்த வாடை. ஏரிக்கரைப் பனை ஒன்று உச்சியில் எரிந்துகொண்டிருந்தது. யாருக்கும் அடி இல்லை. எல்லோரையும் உள்ளே தள்ளினேன்.

திருமலை வாசலிலேயே நின்று போனைப் போட்டான். செந்தமிழனின் போன் சசிகலாவின் கைப்பைக்குள் அடித்தது. ஆடும்போது விழுந்துவிடும் என்று கொடுத்து வைத்திருந்தானாம்.

அந்த மணிச் சத்தத்தைக் கேட்டதும் அவன் முகம் போன போக்கை என்னால் சொல்ல முடியாது. மழையில் இறங்கப் போனான். நான் குறுக்கே நின்றேன், சசிகலா ஷட்டரை இறக்கிவிட்டாள். ஷட்டரைக் கையால் அறைந்தான்.

"உட்டுட்டு வந்துட்டேனே. அவங்க அம்மாவுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

ஏழாம் குழிப் பக்கம் மறுபடி இடி விழுந்தது. அவன் அறைவதை நிறுத்தினான். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

இடி படப்பை பக்கம் நகர்ந்த பிறகு ஷட்டரைத் தூக்கினோம். ரோட்டுப் பக்கமிருந்து சாவகாசமாக ஒருவன் நனைந்துகொண்டு வந்தான். செந்தமிழன்.

"எங்கடா போன?" என்றேன்.

"சங்கு ஊதிச்சா, நான் எப்பயும் போல எஸ்கேப்பு. ரோட்டாண்ட டீக்கடையில குந்தினு இருந்தேன். இவரு கைய தூக்கினு நிக்கிறாரு. ஞாயித்துக்கெழம கூட ட்ரில்ல உட மாட்டியாணா?"

சிலர் சிரித்தார்கள். திருமலை அவன் தலைமேல் கை வைத்தான். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அந்தச் சங்கைக் கழற்றிவிட்டோம். இப்போது ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு அடிக்கிறேன், ஆட்கள் உள்ளே வருகிறார்கள். திருமலை மட்டும் மைதானத்துக்கு வருவதில்லை. வெயில் அடிக்கிற நாளில் கூப்பிட்டாலும், "மேகம் போடும்ணா," என்கிறான்.

போன வாரம் அவன் ஷிஃப்டுக்குப் போயிருந்த நேரத்தில் சசிகலா தனியாக வந்தாள். "ஒரு மட்ட குடுங்கண்ணா. அவருகிட்ட சொல்லிடாதீங்க," என்றாள்.

கொடுத்தேன். ஏழாம் குழி வரைக்கும் போய் ஆடினாள். அவள் திரும்பி வருகிற வரைக்கும் நான் புல் வெட்டவில்லை. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்று வாலாஜாபாத் பக்கத்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.