அரைஞாணில் கட்டிய காலிங் பெல்

எனக்குப் பேய், பிசாசு, சகுனம் எதுலயும் நம்பிக்கை கிடையாதுங்க. ரேடியோ ரிப்பேர் பண்றவனுக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது. கொர்ருன்னு சத்தம் வந்தா கண்டன்சர் போயிருக்கும், ஆவி வந்திருக்காது. அப்படிப்பட்ட நான் ஒரு மாசம் என் வீட்டு காலிங் பெல்லைக் கழட்டி வெச்சுட்டு, வர்றவங்களையெல்லாம் வாசல்ல நின்னு கத்தச் சொன்னேன். சிரிங்க, பரவாயில்ல.

ஒரத்தநாடு பக்கம் வீட்டுக்கு ஒருத்தன் சிங்கப்பூர் கிளம்பிக்கிட்டிருந்த காலம் அது. லீவுல எவனாவது வந்தா தெரு முழுக்கக் கோடாலித் தைலம் மணக்கும். என் கூட்டாளி செல்வமும் போனான். அவனுக்கு ஒரே கவலை அவங்கப்பா தங்கராசு மாமாதான். ஒரு தடவை நெஞ்சுவலி வந்தும் மனுஷன் வயலை விடமாட்டேங்கிறார். "நீ பாத்துக்கடா ரவி"ன்னுட்டுப் போனவன், முதல் லீவுலயே கம்பியில்லாத காலிங் பெல் ஒண்ணு கொண்டாந்தான். தீப்பெட்டி அளவு பட்டன் மாமா இடுப்புல, மணி வீட்டுல. ஒரு தடவை அமுக்கினா காப்பி, ரெண்டுன்னா சாப்பாடு, மூணுன்னா ஓடி வா.

பட்டனைக் கையில தூக்கிப் பிடிச்சா வாய்க்கால் வரைக்கும் எட்டுச்சு. இடுப்புல சொருகினா களத்தைத் தாண்டல. மனுஷ உடம்பு பாதிக்குமேல தண்ணிதானே, சிக்னலைக் குடிச்சிடுது. வீட்டுக்கு முதுகு காட்டி நின்னா சுத்தமா கிடையாது.

"வீட்டைப் பாத்து நின்னு அமுக்குங்க மாமா."

"நெஞ்சு வலிக்கிறவனைத் திசை பாக்கச் சொல்றியே, நீ ரிப்பேர்காரனா ஜோசியனா?"

நீளமா ஏரியல் வெச்சாத்தான் தீரும், வயரைத் தொங்கவிட்டா கதிர்ல மாட்டும். யோசிச்சுக்கிட்டிருந்தப்ப மாமா குளிச்சுட்டு எதிர்ல வந்து நின்னார், இடுப்புல பளபளன்னு வெள்ளி அரைஞாண். விடுவேனா? ஏரியல் முனையில ஒரு துண்டு வயரை ஈயத்தால பத்தவெச்சு அரைஞாண்லயே சுத்திவிட்டேன். எந்தப் புத்தகத்துலயும் இப்படி ஒரு ஏரியல் கிடையாது, ஆனா சுத்தை மாத்தி மாத்திப் பாத்ததுல வயல் கோடியில மோட்டார் ஓடுற போர்செட்டு வரைக்கும் எட்டிருச்சு. "என் வீட்டுக்காரர் இடுப்பை ரேடியோ ஸ்டேஷன் ஆக்கிட்டான்"னு அத்தை ஊர் பூரா சொன்னாங்க.

தை மாசம், அறுப்புக்கு முன்னாடி. அத்தை மன்னார்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினாங்க. மணியை வீட்டுக்கு எதிர்ல இருந்த என் கடையில மாட்டி, "மூணு அடிச்சா முதல்ல ஓடு, அப்புறம் சட்டையப் போடு"ன்னு உத்தரவு.

உச்சி வெயில்ல மணி அடிச்சது. ரெண்டு. சாப்பாடுதான்னு சாவகாசமா எந்திரிச்சேன். ஒரு மூச்சு இடைவெளி விட்டு மூணாவது அடிச்சது. பத்தவெக்கிற அயர்னைக் கையோட பிடுங்கிக்கிட்டு, வயர் வால் மாதிரி பின்னாடி இழுபட, வரப்புல ஓடி வாய்க்கால்ல விழுந்து, பாத்தவங்க எனக்குத்தான் என்னமோ ஆச்சுன்னு நெனச்சிருப்பாங்க. போர்செட்டு பக்கத்துல மாமா ஒருக்களிச்சுக் கிடந்தார். டிராக்டர்ல ரோட்டுக்கு, அங்கேருந்து கார்ல தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கு. இன்னும் அரைமணி தாமதிச்சிருந்தா கஷ்டம்னு டாக்டர் சொன்னார். பிழைச்சுக்கிட்டார்.

நர்ஸம்மா அரைஞாணையும் பட்டனையும் பொட்டலமாக் கட்டிக் கொடுத்தாங்க. எனக்கு ஒரே பெருமை, என் ஏரியல் ஒரு உயிரைக் காப்பாத்திருச்சே. அமுக்கிப் பாத்தேன். சின்ன விளக்கு எரியல. திருகாணியைக் கழட்டி மூடியைத் திறந்தேன்.

உள்ள பேட்டரியே இல்லீங்க.

கரண்ட் ஏறி இறங்கினா இந்த மாதிரி மணி தானா அடிக்கும்னு ஒரு வாரம் எனக்கு நானே பாடம் எடுத்தேன். மாமா எழுந்து உக்காந்ததும் மெதுவாக் கேட்டேன். "தீந்துபோச்சுடா, விழறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே பேட்டரியைக் கழட்டிட்டேன். அத்தைகிட்ட சொல்லிடாதே, கொன்னுடுவா."

"அப்ப எப்படி அமுக்கினீங்க?"

"எங்க அமுக்குறது? கையையே தூக்க முடியல. உன்னைத்தான் கூப்பிட்டேன், மனசுக்குள்ள. ரெண்டு தடவை கூப்பிடுறதுக்குள்ளயே மூச்சு வாங்குச்சு. நிறுத்தி இன்னொரு தடவை."

"செல்வத்தைக் கூப்பிடலையா மாமா?"

"அவன் பிளேன் பிடிச்சு வர்றதுக்குள்ள என் காரியமே முடிஞ்சிரும்."

அப்புறம்தான் ஆரம்பிச்சது என் காலிங் பெல் விரதம். இப்ப கையில கட்டுற கடிகாரமே ஆள் விழுந்தா போன் போடுது, அதுக்குக்கூட பேட்டரி வேணும்.

நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். ஆனா ஒண்ணு மட்டும் இன்னிக்கும் என்னைக் கலங்கடிக்குது. மாமா அதைச் சொன்ன வாரமே, ஞாயித்துக்கிழமை எஸ்டிடி பூத்துக்கு செல்வம் போன் பண்ணினான். "அப்பா என்னைத் தேடினாராடா?" பாவம், அவ்வளவு தூரத்துல கெடக்கான். மாமா சொன்னது எதையும் அவன்கிட்ட நான் சொல்லல. "உன் பேரைத்தான்டா சொல்லிக் கூப்பிட்டாராம்"ன்னேன்.

 

"பொய் சொல்லாத. அன்னிக்கு மத்தியானம் வேலையில இருந்தப்ப எனக்கே அப்பா குரல் கேட்டுச்சு"ன்னான். "உன் பேருதான்டா."