கூழ்ப் பானை ஏறாத அடுப்பு

ஆரணியில் பொழுது விடியும்போது எல்லாம் ஆவியாகத்தான் தெரியும். ரைஸ்மில்களில் நெல் அவிக்கும் ஆவி ஒரு பக்கம் எழும்பும். மறுபக்கம் நெசவுக்காரர் தெருவில் பனிக்குள்ளே, தறியில் ஏற்ற வேண்டிய பட்டு நூல் பாவு நீட்டியிருக்கும். பிடித்திருக்கும் ஆட்கள் தெரியமாட்டார்கள், பாவு மட்டும் தானே மிதப்பது போல இருக்கும். இப்படிப்பட்ட ஊரில் வளர்கிற பெண் கனவு காணாமல் இருந்தால்தான் ஆச்சரியம். வேடியப்பன் மகள் கன்னியம்மா கண்டாள். மற்ற பெண்களின் கனவில் புடவை வரும், மாப்பிள்ளை வருவான். அவள் கனவில் வந்ததெல்லாம் சாப்பாடு.

பசியில் வந்த கனவு என்று நினைத்துவிடாதீர்கள். வயிறு நிறைந்திருக்கும்போதுதான் அவளுக்கு அது வரும். படவேட்டுக் கேழ்வரகு தானாகவே மூட்டையிலிருந்து எழுந்து பஸ் ஏறும். வந்தவாசிச் சந்தையிலிருந்து முருங்கைக்கீரை கட்டுக்கட்டாக வந்து பக்கத்து சீட்டில் உட்காரும். தெள்ளார் வேர்க்கடலை இடம் கிடைக்காமல் படியில் தொங்கும். எல்லாம் ஆரணியில் இறங்கி, வீடுவீடாகப் போய், வெளுத்த உதடு உள்ள பெண்களின் தட்டில் ஏறிக்கொள்ளும். தறிமேடையில் குனிந்தே இருந்து சோர்ந்த முகங்கள் மறுநாள் சிவந்து மலரும். இதையெல்லாம் பார்த்தபடி அவள் உட்கார்ந்திருக்க, கையிலிருந்த பட்டு நூல் சிக்காகிக் கிடக்கும். வீட்டில் நெசவுக்காரர்களுக்கு நாடாவில் போடும் நூல் தார் சுற்றிக் கொடுத்த அம்மா பச்சையம்மாள் தலையில் ஒரு குட்டு வைப்பாள்.

"உக்காந்துகினே எங்கடி போயிட்ட?"

இந்தக் கனவுக்குப் படிப்பு ஒன்று இருப்பதாகப் பள்ளிக்கூடத்து டீச்சர் சொன்னார். அரசாங்க உதவிப் பணமும் கிடைத்தது. மதராஸில் ஒரு பெண்கள் கல்லூரியில் மனையியல் சேர்ந்தாள். சோறாக்கக் கற்றுக்கொள்ள மதராஸ் வரைக்கும் போகணுமா என்று தெருவே சிரித்தது. படித்து முடித்தால் பெரிய ஆஸ்பத்திரியில் டயட்டீசியன் ஆகலாம் என்று அவள் விளக்கினாள். யார் வாயிலும் அந்த வார்த்தை நுழையவில்லை. வேடியப்பன் மட்டும் அதை வளைத்து நெளித்துத் தன் வாய்க்குத் தக்கபடி செய்துகொண்டார். "எம் பொண்ணு சோத்து டாக்டருக்குப் படிக்குது" என்று மில்லில் எல்லாரிடமும் சொன்னார்.

வேடியப்பன் படவேட்டுப் பக்கத்து ஆள். சொந்தமென்று ஒரு சாண் நிலம் கிடையாது. சிறுவயதிலிருந்து ஒரு பண்ணையில் ஆளாக இருந்தார். அங்கே கூலி என்பது பெரும்பாலும் கூழ்தான். வேலிக்கு வெளியே குந்த வைத்து, தூக்கி ஊற்றுவார்கள். விளைவித்த நெல்லை மூட்டை கட்டி வண்டியில் ஏற்றிவிட்டு வந்து அதைக் குடிக்க வேண்டும். கல்யாணமான வருஷம் பச்சையம்மாளைக் கூட்டிக்கொண்டு ஆரணிக்கு வந்தார். ரைஸ்மில்லில் வேலை கிடைத்தது. முதல் வாரக் கூலியில் அரிசி வாங்கி வந்து, பொங்கிய சோற்றைப் பார்த்துக்கொண்டே அடுப்பின் மேல் சத்தியம் செய்தாராம்: இந்த வீட்டு அடுப்பில் இனிமேல் கூழ்ப் பானை ஏறாது, எனக்குப் பிறக்கும் பிள்ளை கூழ் குடிக்காது. கன்னியம்மா அந்தச் சத்தியத்தில் வளர்ந்தவள். மதராஸ் போகும்வரை கேழ்வரகை நாக்கில் வைத்தவள் இல்லை. கனவில் பஸ் ஏறிய கேழ்வரகுகூட ஊராருக்காகத்தான் வந்தது, அவர்கள் வீட்டு வாசலில் அது இறங்கியதே இல்லை.

1978-ஆம் வருஷக் கோடை விடுமுறைக்கு அவள் வந்தபோது அப்பாவின் காலில் துணி சுற்றியிருந்தது. கட்டைவிரலடியில் புண். ஆறவில்லை. வலியும் இல்லை, அதனால் அவர் கவலைப்படவும் இல்லை. வலிக்காத புண்தான் பொல்லாதது என்று அவள் படித்திருந்தாள். இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் பார்த்துவிட்டுச் சர்க்கரை வியாதி என்றார்.

"மாத்திரை மட்டும் போதாதுங்க. மூணு வேளையும் குமிச்சுச் சோறு சாப்பிடறத விடணும். அரிசியக் குறைச்சுட்டு கேவுரு, கோதுமை, கீரைன்னு மாத்துங்க. நேரத்துக்குச் சாப்பிடணும். புண் ஏறிப்போச்சுன்னா காலை எடுக்கறாப்ல ஆயிடும்."

கோதுமை ரேஷனில் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. கீரைக்கு வேடியப்பன் தலையாட்டினார். கேழ்வரகு என்றதும் முகம் கல்லாகிவிட்டது.

கன்னியம்மா விடுவாளா? படித்ததையெல்லாம் இறக்கினாள். பின்கட்டில் மூன்று கல் கூட்டி, வீட்டு அடுப்பைத் தொடாமல், அடை தட்டினாள், புட்டு அவித்தாள், முருங்கைக்கீரையைச் சேர்த்து மறைத்தாள். தட்டு பக்கத்தில் வரும்போதே அவருக்கு வாசனை தெரிந்துவிடும்.

"கண்ணு, காலு போனா போவட்டும். இத மட்டும் கொண்டாராத."

"உங்கப்பன் புடிச்ச முயலுக்கு மூணே காலு, நீ இன்னா பண்ணுவ?" என்றாள் பச்சையம்மாள்.

தோற்ற பண்டத்தை எறிய மனம் வராமல் கன்னியம்மாவே தின்றாள். கடைசியில் மாவு மிஞ்சியது. அம்மாவிடம் கேட்டுக் கரைத்துப் புளிக்க வைத்து, நொய் போட்டுக் கூழாகக் காய்ச்சினாள். விடியற்காலையில், அப்பா எழுமுன், பின்கட்டில் குந்தி ஒரு சொம்பு குடித்தாள். இளம்புளிப்பும் மோரும் சின்ன வெங்காயமும் சேர்ந்து தொண்டையில் குளிர்ச்சியாக இறங்கின. இருட்டுக்குள் மில்லின் ஆவி மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. அந்த நேரமும் அந்தக் கூழும் அவளுக்கு அப்படிப் பிடித்துப்போயின. அப்பாவின் சத்தியத்தை மீறுகிறோமே என்று உறுத்தியது, இருந்தாலும் தினமும் குடித்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவளுக்கு அதிசயம். வேடியப்பன் தானாகவே சோற்றைக் குறைக்க ஆரம்பித்தார். தன் தட்டில் ஒரு கரண்டி வைத்துக்கொண்டு மிச்சத்தை அவள் தட்டில் தள்ளுவார். சில ராத்திரி, "மில்லாண்டயே சாப்டேன்" என்று தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பார். தன் பேச்சு எடுபட்டுவிட்டது என்று அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கனவு மறுபடி பறந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வார்டில் அவள் நடக்கிறாள், கட்டில்களெல்லாம் எழுந்து வணக்கம் சொல்கின்றன. முதல் கட்டிலில் அப்பா, இரண்டு காலும் ஆட்டிக்கொண்டு சிரிக்கிறார்.

கனவைக் கலைக்க மில் மேஸ்திரி தருமன் வந்தார். வாசலில் நின்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இன்னாம்மா, வூட்ல எதுனா கஷ்டமா? உங்கப்பன் ரெண்டு ஆள் வேலைய ஒண்டியா பாத்துகினு கீறாரு. மத்தியானம் ஒண்ணும் சாப்பிடறதில்ல. நேத்து களத்துலயே மயங்கி வுழுந்துட்டாரு. சொல்லாதேன்னாரு, எனக்குத்தான் மனசு கேக்கல."

கன்னியம்மா செருப்புகூடப் போடாமல் ஓடினாள். மில் களத்தில் அவித்த நெல் ஆவி பறக்கப் பரப்பியிருந்தது. வெயிலும் ஆவியும் கலந்து, களமே ஏரி போலத் தளும்பியது. அதன் நடுவில் அப்பா நெல்லைக் காலால் துழாவிச் சால் போட்டபடி நடந்துகொண்டிருந்தார். அந்தக் காலால். துணி அவிழ்ந்து பின்னால் இழுபட்டது. அவருக்குத் தெரியவில்லை.

"அப்பா!"

அவர் திரும்பினார். அவள் அவர் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள். "ஏம்பா இப்படிப் பண்ற? சாப்பிடாம எதுக்குப்பா ரெண்டு ஆள் வேலை?"

வேடியப்பன், யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"நீ பின்னால குந்திகினு கூழு குடிக்கறத பாத்தேன், கண்ணு. ஒரு நாள் இல்ல, தெனமும். எம் பொண்ணுக்குச் சோறு பத்தல. என்னாண்ட சொல்லக் கூச்சப்பட்டுகினு திருட்டுத்தனமா அத குடிக்குது. அதான் என் பங்கையும் உனக்கே வச்சேன். அதிகப்படி கூலிக்கு இன்னொரு மூட்டை வாங்கிப் போட்ரலாம்னு..."

கன்னியம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. தான் ஜெயித்துவிட்டதாக நினைத்து மிதந்த நாளெல்லாம் இந்த மனிதர் பட்டினி கிடந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, அவர்மேல் கட்டுக்கடங்காத பாசம் வந்தது.

"பசிக்குக் குடிக்கலப்பா. புடிச்சுப்போய் குடிச்சேன்."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். "கூழைப் புடிச்சுப்போய் குடிக்கறவங்க உண்டா? பொய் சொல்லாத."

"சத்தியமாப்பா."

அவர் நம்பவில்லை. அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கட்டைவிரல் போயிற்று, கால் நின்றது. கன்னியம்மா படிப்பை முடித்ததும், வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் டயட்டீசியன் ஆனதும், நோயாளியிடம் இதைச் சாப்பிடு என்று சொல்லுமுன் இதை உனக்கு யார் கொடுத்தார்கள், எப்படிக் கொடுத்தார்கள் என்று கேட்கிற வழக்கத்தால் பெரிய டாக்டர்களிடம் திட்டு வாங்கியதும் எண்பதுகளில் நடந்தவை. அவற்றை அவளைத் தெரிந்த யாரும் சொல்வார்கள். அவள் யாரிடமும் அதிகம் சொல்லாதது, அப்பா வீடு திரும்பிய மறுநாள் விடியற்காலை நடந்தது.

அன்று அவள் ஒளியவில்லை. கூழ்ச் சொம்பை எடுத்துக்கொண்டு அப்பாவின் கயிற்றுக் கட்டிலுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். பச்சையம்மாள் சண்டை வரப்போகிறது என்று கதவோரம் நின்றாள். வேடியப்பன் சண்டை போடவில்லை. மகளின் முகத்தையே பார்த்தார். ஒவ்வொரு வாய்க்கும் அவள் கண், உதடு, தொண்டை எல்லாவற்றையும், நெல் ஈரம் பார்க்கிறவர் போல, கவனமாகப் பார்த்தார். எங்காவது பசி தெரிகிறதா என்று தேடினார். தெரியவில்லை.

"நெசமாவே ருசியா கீதா?"

"கீதுப்பா."

இருள் விலகாத தெருவில் பாவு நீட்டுகிறவர்களின் பேச்சு கேட்டது.

"எனக்கு அது எப்டி இருக்கும்னே தெரியாது, கண்ணு. அத்தினி வருசம் குடிச்சிகீறேன். பசி அணைஞ்சா போதும்னு உள்ள ஊத்திகினோம். ருசி பாத்ததே இல்ல."

கையை நீட்டினார். "கொஞ்சமா ஊத்து. இப்ப பசி இல்ல. பாக்கறேன்."

கன்னியம்மா ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். அவர் ஒரு வாய் உறிஞ்சி, விழுங்காமல் நாக்கில் வைத்திருந்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பிறகு விழுங்கினார்.

"புளிக்குதே."

"ஆமாம்பா. அப்டித்தான் இருக்கும்."

வேடியப்பன் தலையை ஆட்டினார். அடுத்த வாய்க்கு வெங்காயம் கேட்டார்.