மூன்று பெஞ்சுகளும் ஆயாம்மாவும்

பதினோரு வருடமாக அந்தப் பள்ளியைப் பெருக்கியவள் ஆயாம்மா. யாராவது சுற்றறிக்கையை நீட்டினால், "கண்ணாடிய வீட்ல மறந்துட்டேன், நீங்களே சொல்லிடுங்க" என்பாள். ஐந்தாவது படித்ததாகச் சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தாள். உண்மையில், தம்பியைப் பார்த்துக்கொள்ள இரண்டாம் வகுப்பின் பாதியிலேயே நின்றவள். எழுத்துகளைத் தனித்தனியாகத் தெரியும். கூட்டமாக வந்தால் மிரட்டும்.

அந்த வருடம் மூன்றாம் வகுப்பு டீச்சர் அரசியலமைப்புப் பாடத்துக்காக வகுப்பை மூன்றாகப் பிரித்திருந்தார். ஜன்னலோரப் பெஞ்சு சட்டம் போடும், நடுப்பெஞ்சு அதை நடத்தும், சுவரோரப் பெஞ்சு தீர்ப்புச் சொல்லும். இரண்டு வாரம் சண்டை போட்டு ஏழு விதிகளை ஒரு தாளில் எழுதினார்கள். முப்பத்திரண்டு பேரும் கட்டைவிரலை மையில் தோய்த்து ஒற்றி, சுவரில் ஒட்டினார்கள். "எனக்கும் சேத்துத்தான் இது" என்றார் டீச்சர்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பசை விட்டுத் தாள் தரையில் கிடந்தது. ஒரே மைக்கறை. பிள்ளைகள் விளையாடிவிட்டுப் போட்டது என்று நினைத்த ஆயாம்மா, குப்பையோடு சேர்த்து எரித்துவிட்டாள்.

திங்கட்கிழமை வகுப்பே அழுதது. நடுப்பெஞ்சு விசாரித்து, அவளைக் கூட்டிவந்து நிறுத்தியது. பாடத்தைப் பார்வையிட வந்த தலைமையாசிரியை அன்றைக்கென்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். உண்மை வெளிவந்தால் வேலை போய்விடும்.

"'இத யாரும் எடுக்கக் கூடாது'ன்னு மேலேயே பெருசா எழுதியிருந்தோமே, பாக்கலியா?" என்றாள் நடுப்பெஞ்சின் பல் விழுந்த சிறுமி.

"கண்ணாடிய மறந்துட்டேன் கண்ணு."

"உங்ககிட்ட ஏது கண்ணாடி? என் சட்டைப் பட்டன தெச்சப்ப ஊசியில நூல சும்மாவே கோத்தீங்களே!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சுவரோரப் பெஞ்சின் குண்டுப்பையன் மேசையைத் தட்டினான். "சத்தம் போடாதீங்க! மூணாவது விதி என்ன? அவங்க பக்கத்தக் கேக்காம யாருக்கும் தண்டனை கிடையாது. நீங்க சொல்லுங்க ஆயாம்மா. யாரும் குறுக்கப் பேச மாட்டாங்க."

அப்படி ஒருவரும் அவளிடம் இதுவரை சொன்னதில்லை. 'பழைய தாள்னு நெனச்சேன்' என்ற பொய் நாக்கு நுனி வரை வந்து நின்றது. முப்பத்திரண்டு முகங்கள் காத்திருந்தன.

"எனக்குப் படிக்கத் தெரியாது" என்றாள். "அஞ்சாவதுன்னு சொன்னது பொய்."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். சுவரோரப் பெஞ்சு வெகுநேரம் குசுகுசுத்தது.

"தண்டனை இல்ல. நாம அவங்களுக்குப் படிச்சே காட்டல. தப்பு நம்ம மேலயும் இருக்கு" என்றான் குண்டுப்பையன்.

ஜன்னலோரப் பெஞ்சு எட்டாவது விதி போட்டது: திங்கள்தோறும் கதவைத் திறந்துவைத்து, எல்லா விதிகளையும் உரக்க வாசிக்க வேண்டும்.

ஆயாம்மா கடைசி வரிசையைப் பார்த்தாள். "என் வேலைம்மா?"

"அத நான் ஒருத்தியா முடிவு பண்ண முடியாது" என்றார் தலைமையாசிரியை மெதுவாக. "மேலிடத்துக்கு எழுதறேன். நீங்க இப்ப சொன்னதையும் சேத்து எழுதறேன்."

ஐந்து திங்கட்கிழமைகள், துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்று எட்டு விதிகளையும் கேட்டாள். ஆறாவது வாரம் பதில் வந்தது. தலைமையாசிரியை உறையைப் பிரித்து அவளிடம் நீட்டினார். கண்ணாடியைப் பற்றி ஆயாம்மா வாயைத் திறக்கவில்லை.

"படிச்சுச் சொல்லுங்கம்மா."

கண்டனத்தோடு வேலையில் தொடரலாம். மூன்று வருடத்துக்குச் சம்பள உயர்வு கிடையாது.

"இன்னொரு வாட்டி படிங்க" என்றாள். "முழுசாக் கேக்கணும்."