மதி அண்ணன் கேட்ட ஸ்கிரீன்ஷாட்

மதி அண்ணன் இறந்துவிட்டார். முந்தாநாள் காலை, வேலைக்குக் கிளம்பும்போது, மாரடைப்பு.

வாரநாளில் ஏதோ ஓர் ஆபீஸில் வேலை, சனி ஞாயிறில் வீடு வீடாகப் போய் கம்ப்யூட்டர் ரிப்பேர்... லிட்டில் இந்தியா பக்கம் நம்மில் பல பேருக்கு அவரைத் தெரியும். பொங்கோலில் இருந்து கறுப்புப் பையை மாட்டிக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் வருவார்.

எனக்கு வீட்டிலேயே டிசைன் வேலை. கல்யாணப் பத்திரிகை, கோயில் பேனர், கடை மெனு. கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் நானும் படுத்துவிட்டேன் என்று அர்த்தம்.

முதல் தடவை அவர் வந்தது பொங்கல் பேனர் சமயத்தில். மானிட்டர் ஒரே இருட்டு, பெட்டிக்குள்ளே ஃபேன் மட்டும் சுற்றுகிறது. நான் புது மானிட்டர் வாங்கவே கிளம்பிவிட்டேன்.

அவர் உட்காரக்கூட இல்லை. மானிட்டருக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு, மானிட்டர் கேபிளை நேராக மதர்போர்டில் செருகினார். படம் வந்துவிட்டது.

அதோடு விடவில்லை. பையிலிருந்து துண்டில் சுற்றிய பழைய கார்டு ஒன்றை எடுத்து, என் கார்டு இருந்த அதே இடத்தில் மாட்டிப் பார்த்தார். அதிலும் படம் வந்தது.

"இப்பதான் உங்க கார்டு செத்துடுச்சுன்னு நான் சொல்ல முடியும். ஒரு தடவை பாத்துட்டு சொல்லிடக் கூடாதும்மா."

மறுநாளே புது கார்டு வாங்கி வந்து மாட்டிக் கொடுத்தார். பேனர் வேலை முடிந்தது.

அதே வருடம் தீபாவளிக்கு முன்னால்... ஒரு கல்யாணப் பத்திரிகை, மதியத்துக்குள் பிரிண்டருக்குப் போக வேண்டும். கம்ப்யூட்டரைத் திறந்தால் மணப்பெண் முகத்துக்குக் குறுக்கே பச்சைப் பச்சையாகக் கோடு.

பழைய கார்டைப் புதுசு என்று என் தலையில் கட்டிவிட்டார். எனக்கு அது மட்டும்தான் தோன்றியது. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம், போடவில்லை.

இதே பேஸ்புக்கில் எழுதினேன். அவர் பெயர், போன் நம்பர், இந்த ஆளிடம் ஏமாறாதீர்கள் என்று எட்டு வரி. அரை மணி நேரத்தில் 'நல்ல வேளை சொன்னீங்க' என்று வரிசையாக கமெண்ட்.

அதற்குப் பிறகுதான் கோடு விழுந்த திரையைப் போனில் படம் பிடித்து அவருக்கு அனுப்பினேன். கூடவே நாலு வார்த்தை... அதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

பதில் உடனே வந்தது.

"போன்ல எடுத்தது வேணாம்மா. கம்ப்யூட்டர்லயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க. அதுலயும் கோடு இருந்தா தப்பு கார்டு மேல. இல்லன்னா கார்டு பாவம்."

அனுப்பிவிட்டு, அதைப் போனில் திறந்து பார்த்தேன். மணப்பெண் முகம் சுத்தமாக இருந்தது. ஒரு கோடு இல்லை.

மேசையை நகர்த்தினீர்களா என்று அடுத்து கேட்டார். நகர்த்தியிருந்தேன், தீபாவளிக்குச் சுத்தம் செய்யும்போது. மானிட்டர் கேபிள் மேசைக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கிக் கிடந்தது. வேறு கேபிள் போட்டதும் கோடு போய்விட்டது.

பதிவை அழித்தேன். அவருக்கு ஒரு கட்டைவிரல் எமோஜி அனுப்பினேன்.

மன்னிப்பு கேட்கவில்லை. அவர் பதிவைப் பார்த்திருக்க மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் இரண்டு தடவை கூப்பிட்டேன், வந்தார். ஒருநாள் தேக்கா மார்க்கெட்டில் எதிரே வந்து, கார்டு எப்படி இருக்கு என்று கேட்டார். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம்... மீனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நேற்று பொங்கோல் போனேன். அவர் புளோக் கீழே, வாய்ட் டெக் என்கிற திறந்த தரைத்தளத்தில் அவரை வைத்திருந்தார்கள்.

அவர் மனைவியை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கம்ப்யூட்டர் கஸ்டமர் என்றதும் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டார்.

கடைசி மூன்று வருடமாக யாரும் சரியாகக் கூப்பிடவில்லையாம். சனிக்கிழமை காலையில் பையைக் கதவுப் பக்கம் எடுத்து வைத்துவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாராம்.

நான் கூப்பிட்ட அந்த இரண்டு தடவையும் அவர் எவ்வளவு சீக்கிரம் வந்தார்...

அக்கா தன் போனைத் திறந்து காட்டினார். என்னுடைய எட்டு வரி. நான் அழிப்பதற்குள் யாரோ அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வாட்ஸ்அப் குரூப் குரூப்பாக அனுப்பியிருக்கிறார்கள். மேலே என் பெயர் இருந்த இடத்தை மட்டும் வெட்டியிருந்தார்கள்.

"யாருன்னு எத்தனையோ வாட்டி கேட்டேன், சொல்லவே இல்ல. விடு லா, அவங்களுக்கு அன்னைக்கு வேலை கெட்டுப்போச்சு, அதான்னு சொல்வாரு. உங்களுக்குத் தெரியுமாம்மா?"

தெரியலக்கா என்றேன். கையில் கொடுத்த பேக்கட் டிரிங்கைக் குடித்து முடித்துவிட்டு, மதி அண்ணன் முகத்தைக்கூட சரியாகப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

அக்கா, எனக்குத் தெரியும். அதை எழுதியது நான்தான்.

படிக்கிறவர்கள் இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்த குரூப்களுக்கு அனுப்புங்கள். இந்தத் தடவை மேலே இருக்கும் பெயரை வெட்டாதீர்கள்.

மன்னிச்சிடுங்க, மதி அண்ணே. கார்டு நல்லாத்தான் இருக்கு.