நூற்றிருபத்தாறு முறை கூப்பிட்ட பெயர்

கோர்ட்டில் சத்தம் போட்டால் வெளியே அனுப்புவார்கள். அங்கேயே சத்தம் போடுவதற்குச் சம்பளம் வாங்கிய டவாலி நான். கோவையில் முப்பத்தோரு ஆண்டு வாசலில் நின்று வழக்குக்காரர்களின் பெயரைக் கூப்பிட்டேன். வாய்தாவுக்கு அலைந்து செருப்புத் தேய்ந்த உங்களில் சிலர் என் குரலைக் கேட்டிருப்பீர்கள்.

மூன்று முறை

ஒரு பெயரை மூன்று முறை கூப்பிட வேண்டும். அதற்குள் வராவிட்டால் ஆஜராகவில்லை என்று எழுதிவிடுவார்கள். எனக்கோ பிறவிக் கூச்சம். முதல் நாள் கூப்பிட்டபோது, பீளமேட்டிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து சொன்னார்:

"ஏனுங்க, ஊட்டுல சம்சாரத்தக் கூப்புடறாப்லயே கூப்புடறீங்க. சத்தமாக் கூப்புடுங்க, இது கோர்ட்டுங்க!"

வாதி ராமாத்தாள்

அப்பா விட்டுப்போன அன்னூர் நிலத்தில் தனக்கும் பங்கு வேண்டும் என்று இரண்டு அண்ணன்மார் மேல் வழக்குப் போட்டவர் ராமாத்தாள். வாழ்க்கைப்பட்டது சத்தியமங்கலம். அங்கிருந்து காந்திபுரம் வந்து, டவுன் பஸ் மாறி, ஒன்பதே முக்காலுக்கெல்லாம் வராந்தா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துவிடுவார். எழுதப் படிக்கத் தெரியாது. இரண்டு முறை கூப்பிட்டாலும் எழமாட்டார். மூன்றாவது முறை கூப்பிட்ட பிறகுதான் "வாரேனுங்க" என்று ஓடிவருவார். ஏன் அப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"இத்தன கூட்டத்துல இன்னொரு ராமாத்தா இருந்தா, அவங்க மொறைய நான் புடுங்குன மாதிரி ஆயிருமுங்களே."

டெல்லித் தீர்ப்பு

இருபத்தாறாவது வாய்தாவுக்குக் கொஞ்சம் முன்னால், அப்பா உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பிலேயே பங்கு உண்டு என்று டெல்லியில் பெரிய கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருந்தது. ராமாத்தாள் அன்று புதுச் சேலையில் வந்தார். பெரிய அண்ணன் தங்கையைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னிடம் சொல்வதுபோல் தங்கை காதில் விழச் சொன்னார்:

"டெல்லியில சொன்னா டெல்லிக்கே போயி பங்கு வாங்கிக்கச் சொல்லுங்க."

ஆற்றுக்கு உரிமை

முப்பத்தெட்டாவது வாய்தா. நீதிபதி விடுமுறை; பெயரைக் கூப்பிட்டு அடுத்த தேதி மட்டும் சொன்னோம். வராந்தாவில் ஓர் இளம் வக்கீல் செல்போனில் உலகச் செய்தி படித்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு நாட்டில், ஓர் ஆற்றுக்கு மனிதரைப் போலவே உரிமை உண்டு என்று சட்டம் செய்திருக்கிறார்களாம். எல்லோரும் சிரித்தார்கள். ராமாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை.

"ஆத்துக்கே குடுத்துட்டாங்களாங்க? அப்ப எனக்கும் குடுத்துருவாங்க."

பதினேழாம் எண்

பிறகு எங்கள் கோர்ட்டும் நவீனமானது. வாசலில் திரை மாட்டினார்கள். வழக்கின் எண் அதில் சிவப்பாக வரும். இனிப் பெயரைக் கூப்பிட வேண்டாம் என்று உத்தரவு. அதற்குள் ராமாத்தாளுக்கு நாற்பத்திரண்டு வாய்தா ஆகியிருந்தது. வாய்தாவுக்கு மூன்று வீதம் அவர் பெயரை நூற்றிருபத்தாறு முறை கூப்பிட்டிருக்கிறேன்.

நாற்பத்துமூன்றாவது வாய்தாவில் அவர் வழக்கின் எண் பதினேழு. அவருடைய வக்கீல் வேறு கோர்ட்டில் மாட்டிக்கொண்டார். திரையில் பதினேழு வந்தது. பத்தடி தூரத்தில், அதே பெஞ்சு ஓரத்தில், மடியில் கட்டைப்பையோடு அவர் உட்கார்ந்திருந்தார். ஒரு முறை கூப்பிட்டிருக்கலாம். போய்த் தோளைத் தொட்டாவது சொல்லியிருக்கலாம். உத்தரவு உத்தரவுதான் என்று நின்றேன். பதினெட்டு வந்துவிட்டது. வாதி ஆஜராகாததால் வழக்கு தள்ளுபடி.

மறுபடி எடுக்க மனுப் போடலாம் என்றார் வக்கீல். போடுவதற்குள் அண்ணன்மார் நிலத்தை விற்றுவிட்டார்கள். ஆனால் அன்று மத்தியானம் ராமாத்தாளுக்கு எதுவும் தெரியாது. கூட்டம் கலைந்த பிறகு மெதுவாக எழுந்து என்னிடம் வந்தார்.

"இன்னிக்கு என்னங்க, என்னய ஒருக்காக்கூடக் கூப்புடலீங்க?"

இரண்டு மாதத்தில் எனக்கு ஓய்வு வந்தது; முப்பத்தோரு ஆண்டில் என் மேல் ஒரு குறையும் பதிவாகவில்லை என்று சொல்லி, மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள்.