கீழ்நாட்டுக்கு நாலு நாள்

எங்களுக்குக் கல்யாணம் நடந்த ஐப்பசியில் மழை ஒரு நாளும் நிற்கவில்லை. தாலி கட்டும் நேரத்தில் மட்டும் வானம் வெளுத்தது என்று அம்மா சாகும்வரை சாதித்தாள். எனக்கு அந்த வெளுப்பு ஞாபகம் இல்லை. பந்தலுக்கு மேலே போட்ட தகரத்தில் மழை விழுந்த சத்தம்தான் ஞாபகம். மேளமும் அதுவும் ஒன்றாகிப்போய், எது யார் அடிக்கிறது என்று தெரியாமல் நான் தாலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை விறைத்திருந்தது. மூன்றாவது முடிச்சு சரியாக விழவில்லை என்று பின்னால் ஒரு கிழவி முணுமுணுத்ததும் காதில் இருக்கிறது. மழை இவ்வளவையும் விட்டுவைத்துவிட்டு எத்தனை நல்லதைக் கரைத்துவிட்டது!

இலங்கை மலைநாட்டில், அப்புத்தளைக்குக் கீழே, ஹல்துமுல்லைக்கு இறங்கும் சரிவில் எங்கள் தேயிலைத் தோட்டம். பதுளைக்கு ரயில் வராத காலம். எங்கள் லயத்தில் வரிசையாகப் பத்துக் காம்பரா. ஒரு குடும்பத்துக்கு ஒன்று. சமைப்பது, படுப்பது, பெறுவது, சாவது எல்லாம் அந்த ஒரே அறைக்குள். வாசலுக்கு முன்னால் அரையாள் உயரச் சுவர் வைத்த ஒரு தாழ்வாரம். அதை இஸ்தோப்பு என்போம். சுவருக்கு மேலே வெறும் வெளி. பள்ளத்தாக்கில் கிளம்புகிற காற்றுக்கு முதலில் தட்டுப்படும் இடம் அதுதான்.

இப்படிப்பட்ட லயத்தில் புதுசாகக் கட்டிக்கொண்டவர்கள் எங்கே போவார்கள்? அதற்கு எங்கள் ஜனங்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஜோடி மறுவீடு போய்த் திரும்பும்வரை காம்பரா அவர்களுக்கே. வீட்டுப் பெண்கள் பக்கத்துக் காம்பராவில் மற்றப் பெண்களோடு முடங்கிக்கொள்வார்கள். ஆம்பிளை அப்படி அடுத்தவன் காம்பராவுக்குள் படுக்க முடியாது. அங்கே வயசுப் பெண்கள் இருப்பார்கள். அவனுக்கு இஸ்தோப்பு. மறுவீடு போய் வந்துவிட்டால் புதுசு பழசாகிவிடும், எல்லாரும் உள்ளே வந்துவிடலாம். மூன்று நாள், மிஞ்சினால் நாலு நாள். வெயில் காலத்தில் இதைக் கேலியும் சிரிப்புமாகக் கழித்துவிடுவார்கள்.

என் அப்பாவுக்கு இழுப்பு. இருபத்தைந்து வருஷம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய உடம்பு; கை மட்டும் இரும்பாக இருந்தது, நெஞ்சு சல்லடையாகிவிட்டது. சாக்கை விரித்து, சாக்கைத் தொங்கவிட்டு, பழைய கம்பளியைப் போர்த்துக்கொண்டு அவர் வெளியே படுத்தார். தோட்டத்தில் அந்த வருஷம் கொடுத்த புதுக் கம்பளி எங்களுக்கு.

இரண்டாம் நாள் காலையிலேயே என் மனைவி வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"மாமா, உள்ள வந்து அடுப்புக்கிட்ட படுங்க. நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம்."

"நீ நெனைக்க மாட்ட புள்ள. லயம் நெனைக்கும்ல. புதுப்பொண்ணு காம்பராவுல மாமனாருக்கு என்ன வேலன்னு பத்துக் காம்பராவும் சிரிக்கும்." மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "ஒங்க அத்த கொறட்டைக்கு இந்தக் காத்து எவ்வளவோ மேலு" என்றார்.

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை. வளர்த்தவர் தாய்மாமன், வெல்லவாயப் பக்கம் ஒரு கொக்கோ தோட்டத்தில் காவல்காரர். ஆகவே மறுவீடு என்றால் கீழ்நாடு. கொஸ்லந்தையைத் தாண்டி, மலை முடிந்து காடு தொடங்குகிற இடத்துக்கு இறங்கிப் போக வேண்டும். அந்தப் பயணத்தைத்தான் நாங்கள் அந்தியில் அடுப்படியில் உட்கார்ந்து போட்டுப் போட்டு அழித்தோம். ஈர விறகு புகைய, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொல்வாள்:

"அங்க கம்பளியே வேணாங்க. மத்தியானத்துல மண்ணுல கால வச்சா சுடும். மாமா வீட்டுக்குப் பின்னால ஒரு வாய்க்கா ஓடுது. தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், எறங்குனா ஏற மனசு வராது."

"கொசு பிச்சுப் புடுங்குமாமே?"

"ஒங்கள கடிக்காது. கொசுவுக்கும் ருசி தெரியும்ல."

எனக்கு வயது இருபத்திரண்டு. பிறந்ததிலிருந்து என் கால்விரல்கள் முழுசாகக் காய்ந்ததில்லை. சுடுகிற மண் என்று ஒருத்தி சொன்னதும் என் தலைக்குள் ஏதோ தீப்பிடித்துக்கொண்டது. ஹல்துமுல்லையில் வண்டி ஏறி முதல் நாள் கொஸ்லந்தை, அங்கே கடைத் தாழ்வாரத்தில் தங்கல், மறுநாள் நடை, பிறகு வாய்க்கால். நாலு நாளில் போக்கும் வரத்துமே முக்கால்வாசியைத் தின்றுவிடும் என்று அவள் சொன்னாள். "அரை நாள் போதும்" என்றேன். பெண்டாட்டியை விட அந்த வாய்க்காலின் மேல் எனக்கு மோகம் வந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். இல்லை, இரண்டும் எனக்கு ஒன்றாகத் தெரிந்தன. அதுதான் உண்மை.

லீவுக்குக் கங்காணியிடம் போய் நின்றேன். விடியலில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் ஆள் கூடியிருந்த நேரம்.

"மறுவீடு போகணுங்க."

"போயேன். கொழுந்தெடுக்க ஒன் மாமனார அனுப்பி வைக்கிறியா?" சுற்றி நின்றவர்களைப் பார்த்துக்கொண்டார். "தொரையும் தொரசாணியும் கடற்கரைக்குப் போனாங்கல்ல, அதப் பாத்துட்டு இவரும் சோடியாக் கெளம்பிட்டாரு. கொட வேணுமா, கோச்சு வேணுமா?"

களம் சிரித்து ஓய்ந்ததும் லீவு கிடைத்தது. திங்கட்கிழமையிலிருந்து நாலு நாள். ஐந்தாம் நாள் விடியலில் தப்பு அடிக்கும்போது இரண்டு பேரும் பெரட்டில் நிற்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டுவண்டிக்கார முஸ்லிம் நானாவைத் தேடி ஹல்துமுல்லைக்கு ஓடினேன். பண்டாரவளைக் கடையொன்றிலிருந்து அரிசியும் கருவாடும் ஏற்றிக் கொஸ்லந்தைக்கு இறக்குகிறவர். மாட்டை அவிழ்த்துவிட்டு, வண்டிக்கடியில் குந்தியிருந்தார்.

"எங்க தம்பி போறது? கொஸ்லந்தைக்கு இங்கிட்டே மண்ணு எறங்கி ஈக்குது. ரோட்டையே காணோம். ஆள் நின்னு வெட்டிக்கிட்டு ஈக்காங்க. மேல போய்த் திரும்பி, புதன்கெழம விடிய ஒங்க தோட்டத்து ரோட்டால வாரன், ரெண்டு பேரும் ரெடியா நில்லுங்க."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா மெதுவாகச் சொன்னாள்:

"அப்புத்தளையில எங்க ஒண்ணுவிட்ட அக்கா இருக்குல்ல, அங்க போயிட்டு வந்துருங்கடா. பேருக்கு ஒரு வீடு. அதையே மறுவீடுன்னு வச்சுக்குவோம், யாரு கேக்கப் போறா? நாளைக்கே கெளம்புனா ஒங்கப்பா நாளைக்கே உள்ள படுத்துக்குவாரு."

"பெரியம்மா காம்பராவுல ஏழு பேரு. நாங்க எங்க படுக்கிறதாம்? இஸ்தோப்புலயா?"

சொன்ன பிறகுதான் பார்த்தேன். அப்பா இஸ்தோப்பில் உட்கார்ந்து கிழிந்த சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தார். ஊசி நிற்கவில்லை.

"இஸ்தோப்புக்கு என்னடா கொறச்சல்? ராசா மாதிரி இருக்கேன்" என்றார். பிறகு அம்மாவிடம், "விடு புள்ள. ரெண்டு நாளுதான. அந்தப் புள்ள அது மாமன பாக்க வேணாமா?"

உள்ளே வந்ததும் என் மனைவி என் கையைப் பிடித்தாள். "அப்புத்தளைக்கே போயிருவோங்க. மாமா மூச்சு சரியில்ல. எனக்கு வாய்க்காலும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"ரெண்டே நாளு" என்றேன்.

இந்த இரண்டு சொல்லை நான் எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். அதற்கு முன்னால் ஒரு காரணம், பின்னால் ஒரு வருத்தம் வைத்துப் பார்த்துவிட்டேன். எப்படி வைத்தாலும் அது அப்படியே நிற்கிறது.

லீவைப் புதனுக்கு மாற்றித் தரக் கங்காணி முனகிவிட்டு ஒப்புக்கொண்டார். திங்கட்கிழமை காற்று திசை மாறியது. அதுவரை லயத்தின் முதுகில் அடித்த மழை இஸ்தோப்புக்குள் நேராக வந்தது. செவ்வாய்க்கிழமை காலை அப்பா சுவரில் சாய்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். தொங்கவிட்ட சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. "தண்ணி கிண்ணி வேணுமாப்பா?" என்றேன். கையை ஆட்டி, போ என்றார். நான் ஸ்டோருக்கு, தேயிலைத் தொழிற்சாலைக்கு, போனேன். அங்கேதான் எனக்கு வேலை, மாடியில் கொழுந்து பரப்புவது. இலை வாடுவதற்காகக் கீழேயிருந்து சூடான காற்று விடுவார்கள். தட்டுத் தட்டாக இலை அந்தச் சூட்டில் படுத்திருந்தது. அதைப் புரட்டிவிட்டுக்கொண்டு நான் வாய்க்காலை நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை விடியும்போது அவள் கல்யாணச் சேலையைக் கட்டி, மூட்டையை முடிந்து வைத்துவிட்டாள். மாமனுக்குப் பலகாரம் ஒரு டப்பாவில். நான் கதவைத் திறந்தேன். அப்பா உட்கார்ந்தபடியே முழங்காலில் தலையைக் கவிழ்த்திருந்தார். உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. தொட்டதும் ஈரம், கம்பளி முழுதும் ஈரம்.

நாங்கள் இரண்டு பேரும் தூக்கினோம். நிலைப்படியில் வந்ததும் அவர் கையை நீட்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். உள்ளே வர மாட்டேன் என்கிறார்! அந்த நிலைமையிலும்! அவள்தான் விரல் விரலாகப் பிரித்துவிட்டாள். "மாமா, நாங்க போறோம். வண்டி வரப்போகுது. இனிமே இது ஒங்க காம்பரா" என்று பொய் சொல்லிக்கொண்டே பிரித்தாள்.

அம்மா ஓடி வந்து அடுப்பை மூட்டினாள். தோட்டத்து மருந்துக்காரர் மழை கொஞ்சம் விடட்டும், வருகிறேன் என்று சொல்லியனுப்பினார். மழை விடவில்லை. மேல் ரோட்டில் வண்டி வந்து நின்று நானா இரண்டு தரம் குரல் கொடுத்தார். அப்பா கண்ணைத் திறந்தார்.

"வண்டி வந்துருச்சுடா" என்றார், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சாக. "கெளம்பலையா?"

கொஞ்ச நேரத்தில் மாட்டு மணிச் சத்தம் வளைவில் இறங்கிப் போயிற்று. உச்சிப் பொழுதுக்கு முன்பே அப்பாவும் போய்விட்டார்.

கங்காணி வந்தார். குடையை மடக்கி வெளியே வைத்துவிட்டு, உண்மையாகவே கலங்கித்தான் நின்றார்; அவரும் அப்பாவும் ஒரே கப்பலில் வந்தவர்கள். புறப்படும்போது என் தோளில் கை வைத்தார்.

"நாலு நாள் குடுத்திருக்கேன்ல. அதுக்குள்ளயே காரியத்த முடிச்சிருப்பா. இதுக்குன்னு வேற கேட்டா தொரை குடுக்க மாட்டாரு."

அப்படியே செய்தோம். முதல் நாள் குழி வெட்டினோம். வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. இரண்டாம் நாள் பால் தெளித்தோம். மூன்றாம் நாளும் நாலாம் நாளும் வந்தவர்களுக்குச் சாயத் தண்ணீர், அதாவது பாலில்லாத தேநீர், ஊற்றினோம். நான் இன்றுவரை வெல்லவாய இறங்கியதில்லை. மாமன் செத்தபோதும் அவள் மட்டும்தான் போய் வந்தாள்.

நாலாம் நாள் பொழுது சாய அம்மா பக்கத்துக் காம்பராவிலிருந்து தன் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். வாசலில் சற்று நின்றாள். நாங்கள் மறுவீடு போகவில்லை. வழக்கப்படி பார்த்தால் இன்னும் புதுசு. அவள் உள்ளே வந்து, தகரப் பெட்டியிலிருந்து ஒரு பழைய சேலையை எடுத்தாள். ஒரு முனையை உத்தரத்து ஆணியில் கட்டினாள். மறு முனையை அடுப்புக்கு மேலே விறகு காயப்போடும் கம்பில் கட்டினாள். காம்பரா இரண்டாகிவிட்டது. இரண்டு முடிச்சு.

"நீங்க அங்கிட்டுப் படுங்க" என்றாள்.

என் மனைவி சேலையின் இந்தப் பக்கம் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் அம்மா பாயை உதறி விரித்தாள். அவளுக்கு அருகே இன்னொரு ஆள் கால் நீட்டிப் படுக்க இடம் இருந்தது.