முதல் எண்ணில் ஒரு குத்து

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி தயாரிக்கும் ஆலையில் எனக்கு மென்பொருள் வேலை. இயந்திரங்களுக்குக் கட்டளை எழுத எங்கள் ஆலைக்கென்றே ஒரு சின்ன கணினி மொழி உண்டு. எழுத்தும் எண்ணும் வரிசையாகக் கோத்த சரங்களைக் கையாளும் அதன் ஸ்ட்ரிங் கிளாஸில் ஒரு குறை: நீளமான ஒரு சரத்துக்குள் இன்னொரு சின்னச் சரம் எங்கே இருக்கிறது என்று தேடித் தர வழியில்லை. அதை நானும் பக்கத்து மேஜைக்காரியும் தனித்தனியாக எழுத வேண்டும், தேறுவது மொழிக்குள் போகும், அதை எழுதியவர்தான் இனி அந்த மொழிக்குப் பொறுப்பு என்றார் மேனேஜர்.

அவள் ஆர்.கே.பேட்டைக்காரி, எனக்குப் பல வருடம் கழித்து வேலைக்கு வந்தவள். வந்த வேகத்தில் எல்லாரும் அவளிடம் சந்தேகம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அதுவரை என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள். எனக்கு வயிறு எரிந்தது. எனக்கும் சேர்த்துப் புளியோதரை கட்டிக்கொண்டு வருவாள். அது நன்றாக வேறு இருக்கும்.

ஒரு விஷயத்தில் அவளை மடக்கிவிடலாம் என்று நம்பினேன். ஏசி அறையை விட்டு அவள் கீழே இறங்கியதே இல்லை. கீழே இரும்புப் பாளங்களில் நம்பர் குத்துகிறவர்கள், அச்சு சரியாக விழுகிறதா என்று முதல் எண்ணை ஒரு தடவை சும்மா குத்திப் பார்ப்பார்கள். பிறகுதான் முழு நம்பர். 1124 இருக்க வேண்டிய பாளத்தில் 11124 இருக்கும். லைனில் நம்பரைப் படிக்கும் கேமராவும் அதை அப்படியே எங்கள் கணினிக்கு அனுப்பும்.

மேனேஜர் முன்னால் இரண்டையும் ஓட்டிப் பார்க்கும் நாள் வந்தது. “லைன்ல டெய்லி இப்டித்தான் சார் வருது” என்று சொல்லி, 11124-க்குள் 1124-ஐத் தேடக் கொடுத்தேன். அவளுடையது சட்டென்று கண்டுபிடித்தது.

“உங்களுதையும் ஒருவாட்டி ஓட்டிப் பாத்துடலாமாக்கா?” என்றாள்.

என்னுடையது, இல்லை என்று சொன்னது.

முதல் இரண்டு எண்கள் பொருந்தின. மூன்றாவதாக 2 வராமல் 1 வந்ததும், என்னுடைய நிரல் அந்த இடத்திலிருந்தே புதிதாகத் தேடக் கிளம்பிவிட்டது. அவளுடையதோ இரண்டாவது எண்ணுக்குத் திரும்பி வந்து தேடியது. அவ்வளவுதான் வித்தியாசம். பொறி வைத்த நானே அதில் போய் விழுந்தேன். மேனேஜர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அப்போதாவது அவள் கொஞ்சம் அலட்டியிருக்கலாம். “இப்டி குத்துறாங்கன்னே எனக்குத் தெரியாது சார். கீழ போய்க்கினு வந்துக்கினு இருக்கிறது அக்காதான். இத்த டெஸ்ட்ல சேத்துடறேன்” என்றாள்.

சேர்த்தும் விட்டாள், ‘அக்கா டெஸ்ட்’ என்று பெயர் வைத்து. மொழியில் யார் எதைத் திருத்தினாலும் முதலில் ஓடுவது அதுதான். தினமும் காலையில் நான் கணினியைத் திறந்தால் அது தேறிவிட்டது என்று பச்சையாகக் காட்டுகிறது. பக்கத்து மேஜையில் அவள் எனக்கும் சேர்த்து டீ ஊற்றிக்கொண்டிருப்பாள். நிம்மதியாக அவளைத் திட்டக்கூட எனக்கு வழி இல்லை.